மூணுசுனையில் மிச்சமிருந்த கல்

மூணுசுனைப் பார்வையாளர் விதிகளில் விதி நான்கு இவ்வாறு கூறுகிறது: "பள்ளத்தாக்கினுள் சென்ற எவரும், தாம் வெளியேறியதைத் தாமே பதிவு செய்யாதவரை, உள்ளே இருப்பதாகவே கருதப்படுவார். அவ்வாறு கருதப்படுபவர் வெளியே வரும்வரை நுழைவாயிற் பொறுப்பாளர் தம் இடத்தைவிட்டு அகலலாகாது."

இந்த விதியை வரைந்தவன் நான். மேலிடத்தில் ஒரு சொல்லைக்கூடத் திருத்தாமல் ஒப்புதல் அளித்தார்கள். என் முப்பத்து நான்கு ஆண்டுப் பணியில் அப்படி நடந்தது அந்த ஒரு முறைதான். படித்துப் பார்க்காமல் கையெழுத்திட்டிருப்பார்கள் என்பது என் கணிப்பு. எப்படியானாலும், விதி தெரியாமல் தவறிவிட்டேன் என்று சொல்லிக்கொள்ளும் வசதி எனக்கு இல்லை.

நுழைவாயிற் பொறுப்பாளர் என்று நான் காகிதத்தில் குறிப்பிட்டது ஒரு பெண்ணை. அப்படி ஒரு பணியிடம் ஒப்பளிக்கப்படவே இல்லை. பெயரைக் கேட்டபோதும் அவர் சொல்லவில்லை. "பேரு எதுக்குங்க, நான் எங்கியும் போறவளா?" என்றார். மலையில் அவரை எல்லோரும் கல்லக்கா என்றார்கள். ஐம்பதைத் தாண்டிய ஒல்லியான உடம்பு. சேலைக்கு மேல் எப்போதும் ஒரு முழுக்கைச் சட்டை, காலர் நைந்தது. பேசும்போது நம் முகத்தைப் பார்க்க மாட்டார். கையைப் பார்ப்பார். முதலில் அதைக் கூச்சம் என்று நினைத்தேன்.

நான் அங்கே போனது ஒரு கையேட்டுக்காக. மாவட்டத்தில் பார்ப்பதற்கும் செய்வதற்கும் என்னென்ன உண்டு என்று பட்டியல் கேட்டிருந்தார்கள். ஒகேனக்கல்லைத் தாண்டி எதுவும் நினைவுக்கு வராத எங்கள் சுற்றுலா அலுவலகம், வரைபடத்தை விரித்து, மேசைக்கு ஒரு பள்ளத்தாக்கு என்று பங்கு போட்டுக்கொண்டது. எனக்கு விழுந்தது மூணுசுனை.

மலைச்சாலை கடைசிக் கொண்டையூசி வளைவில் ஏறி நிற்கும் இடத்தில் ஒரு வேங்கை மரம். அதற்கு அப்பால் நிலம் சட்டென்று இறங்கிவிடுகிறது. கீழே படிப்படியாகச் சாமைக் காடுகள். சில்வர் ஓக் மரங்களில் ஏறிய மிளகுக் கொடி. நிழலில் காப்பிச் செடி. நடுவே ஒற்றையடிப் பாதை, அதன்மீது ஒன்றன்பின் ஒன்றாக மூன்று சுனைகள். முதல் சுனையில் குளிக்கலாம். இரண்டாவதில் தண்ணீர் அசைவதே இல்லை. குனிந்தால் நம் சட்டைப் பொத்தான்வரை எண்ணலாம். மூன்றாவதற்குப் பாறை வழுக்கும், அதிகம் பேர் போவதில்லை. இவற்றையெல்லாம் கையேட்டில் இதைவிடச் செயற்கையான தமிழில் எழுதினேன். "தெளிந்த நீரில் தங்கள் முகம் கண்டு மகிழலாம்" என்பது என் வாக்கியம். இப்போது படித்தால் மகிழ்ச்சியாக இல்லை.

வேங்கை மரத்தடியில் மேசைபோல ஒரு தட்டைப் பாறை. அதன் பக்கத்தில் கல்லக்கா உட்கார்ந்திருந்தார். எதிரிலேயே அவருடைய சாமைக் காடும் வீடும்.

"சார், ஒரு கல்லு வெச்சிட்டுப் போங்க."

"எதுக்கு?"

"உள்ள போறீங்கல்ல."

"எந்த விதிப்படி?"

"விதியெல்லாம் தெரியாதுங்க. போவறப்ப வெக்கணும், வர்றப்ப எடுத்துடணும். உங்க கல்ல நீங்கதான் எடுக்கணும். வேற ஆளு தொடக்கூடாது."

"எடுக்காம போயிட்டா?"

என் வலது கையைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னார். "போவலைன்னு அர்த்தம். உள்ளதான் இருக்கறீங்க."

என்னைக் கூட்டிவந்த ஜீப் ஓட்டுநர் நல்லம்பள்ளிக்காரர், வாய்க்குப் பஞ்சமில்லாதவர். "அக்கா, சாரு ஆபீசுல சீட்டுல இருக்கறப்பவே உள்ள இருக்காரா வெளிய போயிட்டாரான்னு ஒருத்தருக்கும் தெரியாது. நீ கண்டுபுடிக்கப் போறியா?"

"சும்மா இருடா," என்றார் கல்லக்கா, சிரிக்காமல். "வைங்க சார்."

வைத்தேன். சாயங்காலம் மேலே வந்ததும் எடுத்துச் சாலைப்பக்கம் எறிந்தேன். அவர் எழுந்து, சேலையில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டிவிட்டு, வீட்டுக்குப் போனார். பாறை காலியாகும்வரை அவர் எழுந்திருப்பதில்லை என்பதை அன்று நான் கவனித்தேன். அதற்குப் பொருள் உண்டென்று நினைக்கவில்லை.

மனிதர்களை அவர் கைகளாகத்தான் நினைவில் வைத்திருந்தார். தழும்புக் கை, மருதாணிக் கை, நகம் கடிச்ச கை. ஒரு முறை வந்தவர் மறுமுறை வரும்போது முகம் அடையாளம் தெரியாது. கல்லை வைக்கக் கை நீட்டினால், "போன மழைக்கு வந்தீங்களே" என்பார். நான் அப்போது மைப்பேனாவில் எழுதுகிறவன். நடுவிரலில் நீலக் கறுப்புக் கறை, சோப்புக்கும் போகாது. ஆகவே எனக்கு மைவெரல் ஆபீசர் என்று பெயர். என் பதவிப் பெயரைவிட அது சுருக்கமாகவும் உண்மையாகவும் இருந்தது.

அலுவலகம் அந்த மரத்தடியில் ஒரு பதிவேட்டைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டது. உள்ளே போகும்போது ஒரு கையொப்பம், வெளியே வரும்போது ஒரு கையொப்பம். கல்லை இனி யாரும் வைக்க வேண்டியதில்லை என்று சொல்லிவிட்டு வந்தோம். கல்லக்கா தலையாட்டினார். அடுத்த வண்டி வந்ததும், "கல்லு வெச்சிட்டுப் போங்க" என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சேலத்திலிருந்து ஒரு நண்பர் கூட்டம் இரண்டு ஜீப்பில் வந்திருந்தது. மாலையில் அவர்களில் மூத்தவர் எல்லோருக்குமாகச் சேர்த்துப் பதிவேட்டில் ஒரே கையொப்பம் போட்டார். தலைகளை எண்ணினார், சரியாக இருந்தது. வண்டிகள் கிளம்பின. கல்லக்கா முன் வண்டியின் மூக்கில் கையை வைத்து நிறுத்தினார். நானும் அன்று அங்கே இருந்தேன், பதிவேட்டை ஆய்வு செய்வதற்காக.

"ஒருத்தரு கல்லு இருக்குது."

"எல்லாரும் வந்தாச்சும்மா. எண்ணிப் பாத்துக்க."

"நான் தலைய எண்ணலைங்க."

அவர்கள் சத்தம் போட்டார்கள். நானும் பதிவேட்டைக் காட்டி அவருக்கு விளக்கினேன். அவர் கையை எடுக்கவில்லை. கடைசியில் ஒரு வண்டியின் பின்னிருக்கையிலிருந்து ஒருவர் மெதுவாகச் சொன்னார்: "நான் இவங்க ஆளு இல்லீங்க. காப்பி பறிக்கற வேலைக்கு வந்தவன். கீழ எறக்கி விடுவாங்கன்னு ஏறிக்கிட்டன்."

அவர்களுடைய ஆள் இரண்டாம் சுனைக்கும் மூன்றாம் சுனைக்கும் நடுவே கணுக்கால் முறிந்து கிடந்தார். கத்திக் கத்திக் குரல் போயிருந்தது. முன் வண்டியில் இருக்கிறார் என்று பின் வண்டியும், பின் வண்டியில் இருக்கிறார் என்று முன் வண்டியும் நினைத்திருந்தன.

அவரைத் தூக்கி ஏற்றி அனுப்பிய பிறகு கல்லக்கா எனக்கு வெல்லம் போட்ட கறுப்புக் காப்பி தந்தார். "எழுத்து, ஒருத்தரே எல்லாருக்கும் போட்டுடலாம் பாருங்க," என்றார். குத்தலாகச் சொன்ன மாதிரி இல்லை. எனக்காக வருத்தப்பட்ட மாதிரி இருந்தது.

அன்றுதான் தன் அண்ணனைப் பற்றியும் சொன்னார். அண்ணன் கடுக்காய் பொறுக்க உள்ளே போயிருக்கிறார். அப்போது கல் பார்த்துக்கொண்டிருந்தது இவருடைய சின்னாத்தா. அவர் கடத்தூர்ச் சந்தைக்குக் கிளம்பிப் போய்விட்டார். பொழுது சாய்ந்தும் அண்ணன் வரவில்லை.

"தேடலையா?"

"தேடாம? மலையே தேடுச்சு. பொணமா இருந்தா கெடச்சிருக்கும்ங்க. மேல ஒரு ஆளு கல்லப் பாத்துக்கிட்டிருந்தாத்தான் கீழ இருக்கறவங்களுக்கு வர்ற வழி தெரியும். பாக்க ஆளில்லைன்னா அவங்க அப்பிடியே சுத்திக்கிட்டிருப்பாங்க."

"அவர் கல் என்ன ஆச்சு?"

"அந்த வருசம் பேஞ்ச மழையில அடிச்சுட்டுப் போயிடுச்சு." காப்பித் தம்ளரை அலசிக் கவிழ்த்தார். "அதனால அண்ணன் உள்ள இருக்குதா, வெளிய போயிடுச்சான்னு இன்னிக்கு வரைக்கும் தெரியல."

விதி நான்கை அந்த வாரமே எழுதினேன். கல் என்ற சொல் வராமல் எழுதியதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

பிறகு மேலிடம் ஒன்று கேட்டது: வந்த வழியே திரும்பாமல், மறுமுனை வழியாக வெளியேறும் சுற்றுவழி ஒன்று மூணுசுனையில் சாத்தியமா? நேரில் நடந்து பார்த்து அறிக்கை தர வேண்டும். போனேன். கல்லக்காவிடம் ஒரு வார்த்தை பேசிவிட்டுப் பதிவேட்டில் கையொப்பமிட்டேன். குனிந்து கைக்குக் கிடைத்த கல்லைப் பாறைமேல் வைத்தேன். அது வெள்ளையா கறுப்பா என்று பார்க்கவில்லை. யார் பார்ப்பார்கள்?

இரண்டாம் சுனையில் முகம் கழுவக் குனிந்தபோது சட்டைப்பையிலிருந்த பேனா தண்ணீரில் விழுந்தது. முழங்கை ஆழம்கூட இருக்காது. அடியில் மணல் பளிச்சென்று தெரிந்தது. பேனா தெரியவில்லை. அரைமணி நேரம் துழாவினேன். பிறகு மூன்றாம் சுனையைக் கடந்து, கடத்தூர்ப் பக்கம் இறங்கும் வண்டிப்பாதையில் ஏறினேன். முன்பே சொல்லி வைத்தபடி ஜீப் சுற்றிக்கொண்டு அங்கே வந்து நின்றது. வீட்டுக்கு வந்துவிட்டேன். "சுற்றுவழி சாத்தியமே" என்று மறுநாள் அறிக்கை தந்தேன், பந்துமுனைப் பேனாவில்.

அடுத்த வாரம் ஓட்டுநர் சொன்னார். "சார், அக்கா உங்களத் தேடிக்கிட்டிருக்குது. கல்லு அப்பிடியே கெடக்குதாம்."

"நான்தான் வந்துட்டேனே. நீதானே கூட்டிட்டு வந்த?"

"சொன்னன் சார். 'நீ கூட்டிட்டுப் போனது யாருன்னு பாத்தியாடா? கையப் பாத்தியா?'ன்னு கேக்குது." பெரிதாகச் சிரித்தார். சிரித்து முடித்ததும், பின்பார்வைக் கண்ணாடியில் என்னை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

ஒரு நாள் ஒதுக்கிப் போய் அந்தக் கல்லை எடுத்திருக்கலாம். இரண்டு மணி நேர வேலை. ஆனால் கல்லை எடுத்துவருவது என்ற இனத்துக்குப் பயண நிரலில் இடமில்லை. பயண நிரலில் இல்லாத இடத்துக்கு அலுவலர் போகக்கூடாது. இந்த நியாயத்தை நான் மற்றவர்களுக்குச் சொல்லிச் சொல்லிப் பழகியிருந்ததால், எனக்குச் சொல்லிக்கொள்வதும் எளிதாக இருந்தது. சில மாதங்களில் பிரிவு மாறினேன். சுற்றுவழிக் கோப்பு கிடப்பில் போனது. கல்லும் கிடந்தது.

கல்லக்கா அதன்பிறகு மரத்தடியிலேயே ஒரு கீற்றுச் சாய்ப்பு இறக்கிக்கொண்டார் என்று ஓட்டுநர் மூலம் தெரிந்தது. எதிரில் இருக்கும் வீட்டுக்குக்கூடத் தூங்கப் போவதில்லை. சாயங்காலம் மற்றவர்கள் எல்லோரும் கல்லை எடுத்துக்கொண்டு போனதும், பாறை விளிம்பில் நின்று கூப்பிடுவாராம். ஓட்டுநர் அதை நடித்துக் காட்டுவார்: "மைவெரல் ஆபீசரே... மேல வந்துருங்க... கல்லு இங்கதான் இருக்குது..." அலுவலகத்தில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் கூப்பிடுவது எப்போது என்று கேட்டேன். ஆறு மணிக்கு என்றார். அதிலிருந்து ஆறு மணி ஆனால் எனக்குக் கடிகாரம் பார்க்காமலே தெரிந்தது.

பள்ளத்தாக்குகளின் கருத்துப் பதிவேடுகள் காலாண்டுக்கு ஒருமுறை எங்கள் பிரிவுக்கு வரும். மூணுசுனைப் பதிவேட்டில் கழிப்பறை இல்லை, கைப்பேசிக்கு அலை இல்லை என்ற வழக்கமான வரிகளுக்கு நடுவே இப்படி ஒன்று இருந்தது: "இரண்டாம் சுனையில் பணியில் இருக்கும் அதிகாரி கேட்டதற்குப் பதில் சொல்வதில்லை. நல்லவராகத்தான் தெரிகிறார். நின்றுகொண்டே இருக்கிறார். ஒரு நாற்காலி போட்டுத் தரலாம்."

அடுத்த காலாண்டில் வேறொரு குடும்பம்: "கையில் கோப்போடு நின்ற சாரிடம் மேலே வர வழி கேட்டோம். விரலால் காட்டினார். காட்டிய வழி சரியாக இருந்தது. அவர் ஏன் வரவில்லை என்று தெரியவில்லை."

இரண்டுக்கும் நானே குறிப்பு எழுதினேன். "மேற்படி இடத்தில் பணியிடம் எதுவும் ஒப்பளிக்கப்படவில்லை. எனவே மேற்படி நபர் குறித்து இவ்வலுவலகம் நடவடிக்கை எடுக்க வழியில்லை. கோப்பு முடிக்கப்படுகிறது." எழுதிய குறிப்பை எழுத்தர் படித்துவிட்டு, "சார், நாற்காலி மட்டுமாவது..." என்று இழுத்தார். நான் முறைத்தேன்.

அந்த நாட்களில்தான் கல்லக்காவின் மகள் அலுவலகத்துக்கு வந்தார். கடத்தூரில் வாழ்க்கைப்பட்டவர். கைக்குழந்தை, வயிற்றில் இன்னொன்று. முதல் பேறுக்குத் தாய் வரவில்லை, இதற்கும் வரப்போவதில்லை.

"சார், எங்கம்மா உங்க ஒரு கல்லுக்காக உக்காந்திருக்குது. மொதக் கொழந்தைய இன்னும் வந்து பாக்கல. ஒருநாள் வந்து எடுத்துட்டுப் போயிடுங்க சார்."

"நான் வெளியே வந்துட்டேன்னு உங்கம்மாவுக்குச் சொல்லும்மா. எழுத்துல வேணும்னா தர்றேன்."

"எழுத்து வேணாம் சார். நீங்க வாங்க."

"அலுவலர் நினைச்ச இடத்துக்கெல்லாம் போக முடியாதும்மா. அதுக்கு முறை இருக்கு."

அவர் என்னையே பார்த்தார். தாயைப்போல இல்லை, முகத்தைப் பார்த்தார். "நினைச்ச எடத்துல வெளிய போனீங்களே சார், அதுக்கு முறை இருந்துச்சா?" என்று கேட்டுவிட்டு, குழந்தையை இடுப்பில் மாற்றிக்கொண்டு படியிறங்கினார். அந்தக் கேள்விக்கு விடை இன்னும் நிலுவையில் இருக்கிறது.

ஓய்வு பெற்றேன். ஓய்வூதியத் தாள்கள் திரும்பி வந்தன. கையொப்பம் பணிப்பதிவேட்டிலுள்ள மாதிரியோடு ஒத்துப்போகவில்லையாம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பழைய கையொப்பத்தின் கடைசி எழுத்திலிருந்து ஒரு வால் கிளம்பி, பெயர் முழுவதற்கும் அடியில் கோடாக ஓடித் திரும்பி, இரண்டு புள்ளிகளில் நிற்கும். புதியதில் வால் இல்லை. எப்போதிலிருந்து இல்லை என்று வீட்டிலிருந்த நகல்களை எடுத்து நாள்வாரியாகத் தேடினேன். "சுற்றுவழி சாத்தியமே" என்ற அறிக்கையிலிருந்து இல்லை. பேனா மாறியதால் என்று மனைவியிடம் சொன்னேன். வால் போட்டு எழுதிப் பழகினேன். கை அந்த இடத்துக்கு வந்ததும் நின்றுவிட்டது.

மனைவி அரிசி களைந்துகொண்டே சொன்னார். "முன்னயெல்லாம் தூக்கத்துல பைல் நம்பரா சொல்லுவீங்க. அந்த மலைக்குப் போயிட்டு வந்ததுல இருந்து ஒண்ணும் சொல்றதில்ல. நல்லதுதான்னு விட்டுட்டன்."

ஆனி மாதத்தில் மகளிடமிருந்து போன் வந்தது. கல்லக்காவுக்குச் சர்க்கரை. வலது கால் விரலில் புண். தர்மபுரி டாக்டர் பார்த்துவிட்டு, வந்து படுக்க வேண்டும், தள்ளிப்போட்டால் காலையே எடுக்க வேண்டிவரும் என்றிருக்கிறார். அவரும் நேரில் பார்க்கவில்லை; மலைக்குப் போகிற செவிலியர் எடுத்த படத்தைப் பார்த்துத்தான் சொன்னார். கல்லக்கா மரத்தடியைவிட்டு நகரவில்லை.

ஓய்வு பெற்றவனுக்குப் பயண நிரல் தேவையில்லை. அதியமான்கோட்டையில் பேருந்து ஏறி, நல்லம்பள்ளியில் பழைய ஓட்டுநரைப் பிடித்துக்கொண்டு, மறுநாளே போனேன்.

மரத்தடியில் மகளும் இருந்தார். கல்லக்கா காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். விரலில் துணிக்கட்டு, அதைச் சுற்றி ஈ. பாறைமேல் ஒரு கல் இருந்தது. ஒன்றே ஒன்று. அதைச் சுற்றிப் பாறை வெளுத்திருந்தது, தினமும் துடைத்திருக்கிறார்.

"வந்துட்டேன்மா. கல்லை எடுத்துக்கறேன். நீங்க கிளம்புங்க," என்றேன்.

"கையக் காட்டுங்க."

காட்டினேன். அவர் தொடாமல், குனிந்து, உள்ளங்கையையும் புறங்கையையும் பார்த்தார். நடுவிரலை நெடுநேரம் பார்த்தார். பிறகு மிகவும் மரியாதையாகச் சொன்னார்.

"இந்தக் கையி இல்லீங்க."

"அம்மா!" என்று மகள் கத்தினார்.

"பேனா மாறிடுச்சு, அதான் கறை இல்லை," என்றேன். "வயசும் ஆயிடுச்சு."

"நீங்க கெட்டவருன்னு சொல்லலைங்க. நல்லாத்தான் இருக்கறீங்க. வேற ஆளு, அவ்வளவுதான்." பள்ளத்தாக்கின் பக்கம் தலையை அசைத்தார். "அவரு அங்க நிக்கிறாரு. கூப்புட்டா காதுல விழுவுது. எறங்கினவரு ஆபீசருங்க. ஆர்டரு இல்லாம வரமாட்டாரு போல."

"சார், எடுத்துடுங்க சார்! அதும் பேச்சக் கேக்காதீங்க," என்றார் மகள்.

"அடியே, இவரு எடுத்துட்டா அவரு எதப் பாத்து வருவாரு? உங்க மாமன மாரி சுத்தணுமா?"

கையை நீட்டினேன். கல்லக்கா தடுக்கவில்லை. கல் கறுப்பாக இருந்தது. நான் வைத்தது கறுப்பா என்று நினைவுக்குக் கொண்டுவர முயன்றேன். தொடுவதற்கு ஒரு விரற்கடை இருக்கும்போது, கையொப்பத்தில் வால் கிளம்பும் இடத்தில் நிற்பதுபோலவே கை நின்றது. திரும்ப எடுத்துக்கொண்டேன். ஓட்டுநர் வண்டியின் பக்கம் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். அவரிடம் அன்று ஒரு நையாண்டியும் இல்லை.

எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். பதிவேட்டிலிருந்து ஒரு வெள்ளைத் தாளைக் கிழித்து, ஜீப்பின் மூடியில் வைத்து எழுதினேன்.

"குறிப்பாணை. பெறுநர்: இரண்டாம் சுனை அருகே நிற்பவர். பார்வை: விதி நான்கு. தாங்கள் உள்ளே சென்ற பின் வெளியேறியதைப் பதிவு செய்யவில்லை. இதனால் நுழைவாயிற் பொறுப்பாளர் தம் இடத்தைவிட்டு அகல இயலாமல் உடல் நலிவுற்றுள்ளார். தவறு தங்களுடையதன்று; இவ்வாணையைப் பிறப்பிப்பவருடையது. இதைக் கண்டதும் மேலே வந்து, தங்கள் கல்லை எடுத்துக்கொண்டு, வெளியேறிய விவரத்தை எழுத்துமூலம் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது."

அடியில் என் வாலில்லாக் கையொப்பம். தவறு என்னுடையது என்று நான் எழுத்தில் ஒப்புக்கொண்ட ஒரே ஆவணம் அது.

வாசித்துக் காட்டினேன். கல்லக்காவின் முகம் தெளிந்தது. "இதாங்க வேணும். ஆர்டரு வந்துட்டா வந்துருவாரு." ஓட்டுநரைக் கூப்பிட்டார். "டேய், சொனைகிட்ட கல்லு வெச்சு அமுக்கிட்டு, திரும்பிப் பாக்காம வாடா. உன் கல்ல மொதல்ல வை."

ஓட்டுநர் போய்விட்டு வந்தார். தன் கல்லை எடுத்துத் தூர எறிந்தார். வழியில் எதையாவது பார்த்தாயா என்று கேட்டேன். "திரும்பிப் பாக்கக்கூடாதுன்னுச்சு சார். நேராவும் பாக்கல," என்றார்.

ஒரு வாரம் பதில் இல்லை. முதல் நினைவூட்டு அனுப்பினேன். அடுத்த வாரம் இரண்டாம் நினைவூட்டு. இரண்டையும் ஓட்டுநர்தான் கொண்டுபோனார்; முதலில் போன தாள் அங்கே இல்லை என்று மட்டும் சொன்னார். காற்று என்றேன். "கல்லு வெச்சு அமுக்கினன் சார். கல்லு இருக்குது," என்றார். மகள் தினமும் போனில் புண்ணைப் பற்றிச் சொன்னார். இரண்டாம் விரலுக்குப் பரவவில்லை, பரவவில்லை, நிறம் மாறியிருக்கிறது.

ஆடி பதினெட்டு அன்று இரவுச் சாப்பாட்டுக்கு முன் மகள் அழைத்தார். அழுதுகொண்டிருந்தார், ஆனால் வேறு மாதிரி.

"அம்மா கெளம்பிடுச்சு சார். ஜீப்புலதான் வர்றோம், நேரா ஆஸ்பத்திரிக்கு. சாயங்காலம் நான் கஞ்சி வெக்க உள்ள போனன். திரும்பி வந்தா எந்திரிச்சு நின்னு சேலையத் தட்டிக்கிட்டிருக்குது. 'வந்துட்டாரு, கல்ல எடுத்துட்டாரு, கும்புட்டுட்டுப் போனாரு'ங்குது. நான் யாரையும் பாக்கல சார். பாறை காலியா இருக்குது."

பக்கத்தில் கல்லக்காவின் குரல் கேட்டது. யாரிடமோ எதையோ சாதாரணமாகப் பேசிக்கொண்டிருந்தார், சந்தைக்குக் கிளம்பியவரைப்போல. ஆஸ்பத்திரியில் ஒரு விரல் போயிற்று, கால் தப்பியது. இப்போது கடத்தூரில் பேரப்பிள்ளைகளின் கைகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். மரத்தடியில் இன்று யார் கல் பார்க்கிறார்கள் என்று நான் விசாரிக்கவில்லை.

போனை வைத்தபோது எனக்கு வந்தது நிம்மதி என்றே நம்பினேன். மகள்தான் கல்லை எடுத்து எறிந்திருப்பார், நல்ல காரியம் செய்தார், என்று மனைவியிடம் சொன்னேன்.

மறுநாள் காலை ஓட்டுநர் வீட்டுக்கு வந்தார். உள்ளே வரச்சொல்லியும் வரவில்லை. மரத்தடிப் பதிவேட்டின் தாள்களுக்கு நடுவே இருந்ததாகச் சொல்லி, நான்காக மடித்த ஒரு தாளை நீட்டினார்.

"நான் எழுதலைங்க சார். என் எழுத்து உங்களுக்குத் தெரியும்."

என்னுடைய குறிப்பாணைதான். ஓரங்கள் நனைந்து காய்ந்து சுருண்டிருந்தன. முறைப்படி, மறுபக்கத்தில் பதில். நீலக் கறுப்பு மை. ஈரம் போகவில்லை, மடிப்பில் ஒட்டி எதிர்ப்பக்கத்தில் நிழல் விழுந்திருந்தது.

"பார்வையில் காணும் குறிப்பாணைப்படி, கல் எடுத்துக்கொள்ளப்பட்டது. பள்ளத்தாக்கிலிருந்து வெளியேறிவிட்டேன். இத்தனை காலம் காத்திருந்த அம்மையாருக்கு நேரில் நன்றி தெரிவிக்கப்பட்டது. முன்னர் நான் வகித்த இடத்தில் மீண்டும் வந்து சேர்ந்துகொள்ள அனுமதி வேண்டுகிறேன்."

கையொப்பத்தின் கடைசி எழுத்திலிருந்து வால் கிளம்பி, பெயர் முழுவதற்கும் அடியில் ஓடித் திரும்பி, இரண்டு புள்ளிகளில் நின்றது.

எந்தத் தாள் வந்தாலும் அதன் தலையில் வந்த நாளைக் குறிக்காமல் நான் கீழே வைத்ததில்லை. உள்ளே போய்ப் பேனாவை எடுத்துவந்து குறித்தேன்: பெறப்பட்ட நாள், ஆடி பத்தொன்பது, முற்பகல்.